மருமகன் ஆக்கிய எறச்சிக் கறி

என் மருமகனை நான் முதன்முதலாக நேரில் கண்டது அலுவிகாரை பஸ் ஹோல்ட்டில். கல்யாணம் முடிந்து அப்போது மூன்று வருஷத்துக்கு மேலாகியிருந்தது.

மகள் மலேசியாவுக்குப் படிக்கப் போனவள். படித்த இடத்திலேயே வேலை கிடைத்தது, வேலை செய்த இடத்திலேயே அவரையும் பிடித்துப்போனது. நிக்காஹ் வைக்கலாம் என்று பேசி முடித்த நேரம் கொரோனா வந்து விமானங்கள் நின்றுவிட்டன. பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற வலீ நான். போன் திரைக்கு முன்னால் வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்து, அங்கே உள்ள ஒரு இமாமிடம் என் பொறுப்பை ஒப்படைத்தேன். கீழே வீட்டுச் சாரன்தான் கட்டியிருந்தேன், திரையில் தெரியாது என்பதால். என் மனைவி பக்கத்தில் புதுச் சேலை உடுத்து உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை சம்மதித்துக் கபூல் சொல்ல வாயெடுத்த நேரம் லைன் நின்றுவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் அசையாமல் கறுத்த திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு மகளே எடுத்து, "முடிஞ்சிட்டு வாப்பா" என்றாள். மனைவி எழும்பிப் போய், செய்து வைத்திருந்த வட்டிலப்பத்தைப் பக்கத்து வீடுகளுக்கு அனுப்பினாள்.

அவளுக்கு மருமகனை நேரில் காணக் கிடைக்கவில்லை. பாதைகள் திறந்தபோது நாட்டில் பெற்றோலும் இல்லை, கேஸும் இல்லை. இப்போது வராதீங்க என்று நாங்களே சொன்னோம். அதற்குள் அவளுக்கு நோயும் வருத்தமும் கூடி, கண்டி ஆஸ்பத்திரியில் மௌத்தானாள். மௌத்துச் செய்தி கேட்டு மகள் மட்டும் வந்தாள். மருமகனுக்கு லீவு கிடைக்கவில்லை. அவளும் கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பதுதான் பழக்கம். அதனால் மகள் ஸ்கூலுக்குப் போகும் காலத்திலேயே வீட்டுக்குப் பின்னால் ஓர் அறையை இழுத்துக் கட்டியிருந்தேன். தமிழ் வாத்தியார் சம்பளத்தில் அது சிறிய காரியமில்லை. தரைக்கு டைல்ஸ், பெரிய கட்டில், கண்ணாடி வைத்த அலுமாரி எல்லாம் இருந்தன. யாரும் படுக்காத அறை. நாளாக ஆக, தோட்டத்து மிளகைக் காயவைத்துச் சாக்கில் கட்டி அங்கே வைக்கத் தொடங்கினேன்.

போன வருஷம் மருமகனை அவருடைய கம்பனி ஏதோ ஒரு பயிற்சிக்காகக் கொழும்புக்கு அனுப்பியது. முடிந்த பிறகு ஒரு ராத்திரி மாத்தளையில் தங்கிப் போவார் என்று மகள் சொன்னாள். அவள் வர முடியாது, வயிற்றில் பிள்ளை, விமானத்தில் ஏற வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். நான் மிளகுச் சாக்குகளை வெளியே இழுத்துப் போட்டு அறையைக் கழுவினேன். எத்தனை தரம் கழுவியும் மிளகு வாசம் போகவில்லை.

அவர் வந்தது பௌர்ணமிப் போயா தினத்தில். விகாரைக்குப் போகிற வெள்ளை உடுப்புச் சனங்களோடு பஸ்ஸிலிருந்து இறங்கினார். எல்லாரும் வெள்ளை, அவர் ஒருவர் நீலச் சேர்ட், முதுகில் பை. போனில் எனக்குத் தெரிந்தது முகம் மட்டும்தான், ஆள் இவ்வளவு கட்டை என்று தெரியாது. நான் கையை நீட்டினேன். அவர் இரண்டு கையாலும் அதைப் பிடித்து, குனிந்து தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டு, "வாப்பா" என்றார்.

மகள் சொல்லிக்கொடுத்த சொல். போனில் தினமும் கேட்கிற சொல்தான். ஆனால் பக்கத்தில் நின்று ஒருவர் என்னை அப்படிக் கூப்பிட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது.

எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷை இல்லை. அவருக்கு மலாய், கொஞ்சம் இங்கிலீஷ். நான் இங்கிலீஷ் பேப்பர் வாசிப்பேன், பேச வாயெடுத்தால் ஒன்றும் வராது. பகல் சாப்பாட்டுக்குக் கடையில் பார்சல் வாங்கி, கடைச் சாப்பாடு என்று தெரியாமலிருக்க வீட்டுக் கோப்பைகளில் போட்டு வைத்திருந்தேன். அவர் எல்லாவற்றையும் சாப்பிட்டார். பிறகு கை கழுவப் போனவர் குசினியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டார். அடுப்பைப் பார்த்தார். பார்சல் தாள்கள் கிடந்த வாளியையும் பார்த்தார். போனை எடுத்து அதனிடம் மலாயில் ஏதோ சொன்னார். அதிலிருந்து ஒரு பெண் குரல் சுத்தமான தமிழில் பேசியது:

"வாப்பா, இன்று நான் உங்களைச் சமைக்க விரும்புகிறேன்."

வேற்றுமை உருபு படிப்பித்தே தலை நரைத்தவன் நான். சிரிப்பு வந்துவிட்டது. அந்த வீட்டில் நான் சத்தமாகச் சிரித்ததே எனக்குப் புதினமாக இருந்தது. ஏன் என்று தெரியாமல் அவரும் சிரித்தார். அவர் செய்ய நினைத்தது ரெண்டாங். அவர்களுடைய எறச்சிக் கறி, பெருநாளைக்கு ஆக்குவது. மகள் போனில் பல தரம் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

ஆனால் போயாவுக்கு எறச்சிக் கடை பூட்டு. இதை விளங்கப்படுத்தப் பெரிய பாடுபட்டேன். கடைசியில் மகளுக்கு எடுத்து, அவளைக் கொண்டு சொல்ல வைத்தேன். சரி, நாளைக்கு என்றார். நாளைக்குப் பின்னேரம் அஸர் நேரம் அவர் கொழும்பு பஸ் ஏற வேண்டும், இரவு விமானம். ஒரு கறி ஆக்க அவ்வளவு நேரமா போகும் என்று நான் நினைத்தேன்.

அன்றிரவு மகளுக்கென்று கட்டிய அந்த அறையில் அவர் தும்மிக்கொண்டே இருந்தது எனக்குக் கேட்டது. சுபஹுத் தொழுகைக்கு நான் எழும்பிய நேரம் அவர் கை கால் கழுவி வுளூச் செய்து தயாராக முற்றத்தில் நின்றார். பள்ளியில் என் பக்கத்தில் நின்று தொழுதார். எங்கள் ஆட்களைப் போலவே அவரும் குனூத் ஓதும்போது கையேந்தினார். எல்லாரும் என்னிடம் யார் என்று கேட்டார்கள். மருமகன், மருமகன் என்று எல்லாருக்கும் சொன்னேன். வீட்டுக்கு ஒன்றாக நடந்து வந்தோம். பாஷை இல்லாதது அந்த நேரத்தில் ஒரு குறையாகத் தெரியவில்லை.

விடிந்ததும் டவுனுக்குப் போனோம். எறச்சிக் கடைக்காரர் என்னைக் கண்டதும் வழக்கம்போலக் கால் கிலோவுக்குக் கத்தியை வைத்தார். இரண்டு கிலோ என்றேன். வீட்டில் என்ன விசேஷம் சேர் என்றார். மருமகன் வந்திருக்கிறார் என்று சொல்லி, பக்கத்தில் நின்றவரைக் காட்டினேன். கடைக்காரர் கத்தியை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து சலாம் சொன்னார். மருமகன் எறச்சியை விரலால் அமத்திப் பார்த்து, தோள் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தார். துண்டு பெரிதாக வேண்டும் என்று கையால் காட்டினார். நாங்கள் ஆக்குவதைப் போல இரண்டு மடங்கு பெரிய துண்டுகள்.

சேரைப் புல், ரம்பை, மஞ்சள் இலை எல்லாம் என் தோட்டத்திலேயே இருந்தன. அரத்தையைத்தான் தேட வேண்டியிருந்தது. அது எங்களுக்கு மருந்துச் சாமான், கறிக்குப் போடுவதில்லை. சிங்கள மருந்துக் கடையில் பச்சைக் கிழங்காகக் கிடைத்தது. யாருக்குச் சளி என்று கடைக்காரர் கேட்டார்.

பிறகு மருமகன் ஒரு இலை வேண்டும் என்று போனில் படம் காட்டினார். ஓர் இலையின் நுனியில் இன்னோர் இலை ஒட்டினாற்போல இருந்தது. அந்த மரத்தை எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மாவின் வேலியோரம் நிற்கிற, முண்டு முண்டாகக் காய்க்கிற எலுமிச்சை. அந்தக் காயைத்தான் அந்த அம்மா தலைக்குத் தேய்த்துக் குளிப்பார். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, சிங்களத்தில் கொஞ்சம் இலை கேட்டேன். எதற்கு மாஸ்டர் என்றார். கறிக்கு என்றேன். என்ன கறி என்று அவர் கேட்கவில்லை. மருமகனைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஒரு கொப்பையே முறித்துத் தந்தார்.

குசினிக்குள் மருமகன் நுழைந்ததை நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி மௌத்தான பிறகு அங்கே தேத்தண்ணீரும் சோறும் முட்டையும்தான். அவர் மேல் தட்டிலிருந்த டின்களை ஒவ்வொன்றாக இறக்கி, திறந்து, மணந்து பார்த்தார். கறுவா, கராம்பு, ஏலம் எல்லாம் கண்டுபிடித்துவிட்டார். கடைசியாக ஒரு டின்னைத் திறந்து மணந்து முகம் சுளித்தார். என் மனைவி கறிக்கென்று வறுத்து இடித்து வைத்த எறச்சித் தூள். பழுதாகிப் போயிருந்தது. அவர் அதைக் குப்பை வாளிக்குக் கொண்டுபோனார். நான் கையைத் தூக்கினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். டின்னைப் பார்த்தார். மூடியை இறுக்கிப் பூட்டி, எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்தார்.

பிறகு எனக்கும் வேலை கிடைத்தது. தேங்காய் துருவினேன், வெங்காயம் உரித்தேன். வெங்காயம், உள்ளி, இஞ்சி, அரத்தை, ஊறப்போட்ட செத்தல் மிளகாய் எல்லாவற்றையும் அரைத்து எண்ணெயில் போட்டதும் குசினி முழுக்கப் புகை. அவர் போய் ஜன்னலைத் திறந்தார். நான் போய் மூடினேன். மாட்டெறச்சி ஆக்கும்போது அந்தப் பக்கத்து ஜன்னலைத் திறப்பதில்லை. பக்கத்து வீட்டு அம்மா புத்த சமயம், அந்த வாசம் பிடிக்காது. அவர் ஒரு நாளும் வாய் திறந்து சொன்னதில்லை, நாங்களாகச் செய்து வந்த காரியம். ஆனால் இப்போது அவருடைய மரத்து இலைதான் எறச்சிக்குள் போகப் போகிறது. இதை எந்தப் பாஷையில் யாருக்கு விளங்கப்படுத்துவது என்று தெரியாமல் இருமிக்கொண்டு நின்றேன். மருமகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தோட்டத்துக் கதவைத் திறந்து வைத்தார்.

எறச்சியைப் போட்டு, தேங்காயின் முதற்பாலை ஊற்றி, சேரையைத் தட்டிப் போட்டு, இலைகளைக் கிழித்துப் போட்டார். நெருப்பைக் குறைத்தார். அவ்வளவுதான் என்று நினைத்து நான் கோப்பைகளைக் கழுவி வைத்தேன். அப்போதுதான் தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. பால் கொதித்துக் கொதித்து வற்ற வேண்டும். வற்றும் மட்டும் கிண்ட வேண்டும். ஒரு பக்கம் அது வேக, இன்னொரு பக்கம் துருவிய தேங்காய்ப்பூவை வெறும் தாச்சியில் பொன்னிறமாக வறுத்து, உரலில் போட்டு எண்ணெய் கக்கும்வரை இடித்தார். கித்துள் கருப்பட்டியில் ஒரு துண்டு உடைத்துப் போட்டார். ஆணமாக இருக்கும்போதே இறக்கினால் என்ன என்று எனக்குத் தோன்றியது. நல்ல ஆணம், மஞ்சளாக, சோற்றில் ஊற்றிப் பிசைய ஆசையாக இருந்தது. அவர் தலையை ஆட்டி, அகப்பையை என் கையில் தந்தார்.

பகல் ளுஹர் தொழுதுவிட்டு வந்து மாறி மாறிக் கிண்டினோம். கை முழுக்க எண்ணெய் என்பதால் அவர் போனை மேல் தட்டில் வைத்துவிட்டார். போனில்லாமல் என்ன பேசுவது? அவர் கறியைக் காட்டி "உம்மா" என்றார், தன் நெஞ்சைத் தொட்டார். அவருடைய தாயின் கறி என்று விளங்கியது. அந்தத் தாயும் இப்போது இல்லை என்று எனக்குத் தெரியும். நான் அடுப்பைக் காட்டினேன், பிறகு மனைவியை நினைத்து மேலே காட்டினேன். அவர் தலையை ஆட்டினார். சிறு பிள்ளைகளைப் போல இப்படி விரலால் பேசிக்கொண்டோம்.

எண்ணெய் மேலே மிதக்கத் தொடங்கியது. நிறம் மண்ணிறமாக மாறிக்கொண்டு வந்தது. அவர் கிண்டுவதை நிறுத்தி, நிமிர்ந்து நின்று, பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி என்னைப் பார்த்துச் சொன்னார்:

"வாப்பா, நீங்க எங்களோட வந்து இருங்க. தனிய இருக்க வேணாம்."

போன் சொன்னதல்ல. பாடமாக்கிக்கொண்டு வந்த வசனம். ஒவ்வொரு சொல்லும் மகளுடைய உச்சரிப்பு. எத்தனை நாள் சொல்லிப் பார்த்தாரோ. பிழை ஒன்றும் இல்லை.

பதில் சொல்ல வேண்டியிருந்தது எவ்வளவோ. இந்த வீட்டை விட்டு எப்படி வருவது, அங்கே வந்து எந்தக் கதவடியில் உட்கார்ந்திருப்பது, அடுக்குமாடியில் பகல் முழுக்க யாரோடு பேசுவது, நீங்கள் இருவரும் வேலைக்குப் போன பிறகு அங்கேயும் நான் தனிதானே என்றெல்லாம். ஆனால் அவருக்குத் தெரிந்த தமிழ் அந்த இரண்டு வசனம்தான். நான் எதைச் சொன்னாலும் அவருக்கு விளங்காது. அது எனக்கு வசதியாகவும் இருந்தது, தாங்க முடியாததாகவும் இருந்தது.

"இன்ஷா அல்லாஹ்" என்றேன்.

அது இருவருக்கும் தெரிந்த சொல். வருவேன் என்றும் எடுக்கலாம், வரமாட்டேன் என்றும் எடுக்கலாம். அவருடைய ஊரிலும் அப்படித்தான் என்று அவருடைய முகத்தில் தெரிந்தது. "இன்ஷா அல்லாஹ்" என்று அவரும் சொல்லிவிட்டு, அகப்பையை எடுத்து மறுபடி கிண்டத் தொடங்கினார்.

கறி அவர் நினைத்த பதத்துக்கு வந்தபோது அஸருக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். தொழுதோம். உட்கார்ந்து சாப்பிட நேரமில்லை. ஒரு பீங்கானில் மூன்று துண்டும் கொஞ்சம் சோறும் எடுத்து, நின்ற நிலையிலேயே சாப்பிட்டார். நான் பிறகு சாப்பிடுகிறேன் என்று கையால் காட்டினேன். அவருடைய பையில் மிளகும் கறுவாவும் கட்டிக் கொடுத்தேன். மகளுக்குப் பிடித்த மாசிக் கருவாட்டுச் சம்பலை டவுனில் வாங்கி வைத்திருந்ததையும் கொடுத்தேன். ஹோல்ட்டில் பஸ் உடனே வந்துவிட்டது. அவர் மறுபடி என் கையை நெற்றியில் ஒற்றினார். ஏறிய பிறகு ஜன்னலால் பார்த்தாரா தெரியவில்லை, அந்தப் பக்கம் சீட்டில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள்.

வீட்டுக்குள் வந்ததும் வாசம் என்னை நிறுத்திவிட்டது. வீட்டின் ஒவ்வொரு மூலையிலும் அது இருந்தது. தாச்சி நிறையக் கறி. இரண்டு கிலோ எறச்சியில் மூன்று துண்டு மட்டும் குறைந்திருந்தது. ஒரு பீங்கானில் போட்டுக்கொண்டு மேசையில் உட்கார்ந்தேன். எங்கள் கறி போலவே இல்லை. முதலில் இனிப்பு, பிறகு அரத்தையின் காரம், பிறகு தேங்காயின் கருகல் மணம். எறச்சி நார் நாராகப் பிரிந்தது. நல்ல ருசி. நல்லது என்று சொல்ல எதிரில் ஆள் இல்லாததால் கொஞ்சம்தான் சாப்பிட முடிந்தது.

அந்தக் கறி பழுதாகவில்லை. ஒவ்வொரு நாளும் சூடாக்கச் சூடாக்க இன்னும் கறுத்து, இன்னும் ருசியானது. ஒரு கிழமைக்கு மேல் அதைத்தான் சாப்பிட்டேன். கடைசித் துண்டைச் சாப்பிட்ட நாள் தாச்சியைக் கழுவ மனம் வராமல் பாண் துண்டால் துடைத்துச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள் மகள் நேராகவே கேட்டாள். இன்ஷா அல்லாஹ் என்று சொன்னீங்களாம், எப்ப வாறீங்க என்றாள். பிள்ளை கிடைக்கிற நேரம் வந்து பார்த்துவிட்டுப் போகிறேன், இருக்க மட்டும் கூப்பிடாதே என்றேன். ஏன் என்றாள். வீட்டைப் பூட்டிவிட்டு வர முடியுமா, இங்கே ஒரு ஆள் இருக்கத்தானே வேணும் என்றேன்.

"யாருக்கு வாப்பா?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டாள். நான் யோசித்துப் பார்த்தேன். யாரும் வரப்போவதில்லை. மிளகுக் கொடிகள் நான் இல்லாவிட்டாலும் காய்க்கும். லைன் சரியில்லை மகள், பிறகு எடுக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

பெண் பிள்ளை கிடைத்தது. விசா எடுத்துப் போய் ஒரு மாதம் இருந்தேன். பகலில் பிள்ளையும் தாயும் தூங்குவார்கள், மருமகன் வேலைக்குப் போய்விடுவார், நான் உயரத்து ஜன்னலடியில் உட்கார்ந்து கீழே போகிற கார்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பிள்ளையைத் தூக்கி வைத்திருந்த நேரங்கள் நல்ல நேரங்கள். இருக்கச் சொல்லி இருவரும் மறுபடி கேட்டார்கள். மருமகன் இந்தத் தடவை தமிழில் கேட்கவில்லை. மாதம் முடியத் திரும்பி வந்தேன்.

வந்த பிறகு நானாக ரெண்டாங் ஆக்கப் பார்த்தேன். முதல் தடவை பொறுமை இல்லாமல் ஆணமாகவே இறக்கிவிட்டேன். அடுத்த தடவை கிண்டாமல் விட்டு அடிப்பிடித்தது. இப்போது ஓரளவு வருகிறது. கால் கிலோ போதும், ஆனால் கால் கிலோவும் இரண்டு கிலோவும் கிட்டத்தட்ட அதே நேரம்தான் எடுக்கிறது. பகல் தொழுதுவிட்டு அடுப்பை மூட்டினால் அஸர் வரும் மட்டும் குசினியை விட்டு வெளியே வர முடியாது. மழை பெய்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் பின்னேரத்தை எப்படிக் கழிப்பது என்று முன்பு திண்டாடியிருக்கிறேன்.

போன ஞாயிறு நான் கிண்டிக்கொண்டிருந்த நேரம் அவர்கள் அழைத்தார்கள். போனைத் தாச்சிக்கு மேலே பிடித்துக் காட்டினேன். மருமகன் உற்றுப் பார்த்து, இன்னும் வற்ற வேண்டும் என்று கையால் காட்டினார். பேத்தி திரையை நக்கப் பார்த்தாள். அங்கே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, அவளைத் தூங்கவைக்க வேண்டும் என்று சீக்கிரமாக வைத்துவிட்டார்கள். நான் போனை மேல் தட்டில் வைத்துவிட்டு, நெருப்பை இன்னும் கொஞ்சம் குறைத்தேன்.